ஆடி மாதத்துப் பட்டியல்

புஸ்பராணியை ஓர் இடத்தில் இருத்திவைக்க யாராலும் ஏலாது. பிரதேச சபைக் கூட்டத்தில் மற்ற உறுப்பினர்கள் சாய்ந்திருந்து பிளேன்ரீ குடிப்பார்கள். இவள் மட்டும் கதிரையின் நுனியில் குந்தியிருப்பாள், கால் பெருவிரல் நிலத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். வீட்டில் சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்துவிட்டு எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவாள். "கதிரையில முள்ளுக் கிடக்கோ?" என்று புருசன் சிவரூபன் கேட்பான். முள்ளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு பச்சை மட்டைக் கோப்பு. அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். திருகோணமலைக்கு வடக்கே, சல்லியையும் தாண்டிப் போனால், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று கிடக்கும். அதுதான் கூனிமுனை. நூற்றிப் பத்துக் குடும்பம், எல்லாம் கடல் தொழில். வெளியே போக ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவில் பள்ளமான இடத்தில் ஒரு மதகு, மதகுக்கு அப்பால் மேட்டில் பள்ளிக்கூடம். மூன்று நாள் மழை விடாமல் அடித்தால் மதகு தண்ணீருக்குள் போய்விடும். பிறகு சனத்துக்குத் துணை பிள்ளையார்தான். அவருடைய கோயிலும் மதகுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

புஸ்பராணி கருவாட்டுக் கூடையோடு டவுன் சந்தைக்குப் போய்வந்தவள். தேர்தல் வந்தபோது கட்சிக்காரருக்குப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் குறைந்தது. "சும்மா பெயருக்குத்தான் அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று வீடு தேடி வந்தார்கள். அங்கேதான் பிழை விட்டார்கள். பெயருக்கு என்று கூப்பிட்டால் பெயருக்கு இருந்துவிட்டுப் போகிற ஆளா அவள்! முதல் மாதம் தெருவிளக்கு, இரண்டாம் மாதம் மதகுக்குக் கைப்பிடிக் கம்பி என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பி நின்றாள். தொல்லை தாங்காமல் சபை அவளைக் கூனிமுனையின் அனர்த்த முகாமைத்துவக் குழுவுக்குத் தலைவியாக்கி விட்டது. டவுனில் உள்ள ஓர்ஸ் ஹில்லில் இரண்டு நாள் பயிற்சி. அங்கே கொடுத்ததுதான் அந்தப் பச்சைக் கோப்பு.

ஆடி மாதம், நல்ல மீன் படுகிற காலம், ஊர் முழுக்க ஆண்கள். சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, புஸ்பராணி பட்டியல் எழுதினாள். வெள்ளமோ புயலோ வந்தால் தானாக நடந்து வெளியேற முடியாதவர்கள் ஊரில் பதினொரு பேர். ஒவ்வொருவரையும் தோளில் காவிக்கொண்டு போக இரண்டிரண்டு பேர். இளந்தாரிகள் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். சாரங்கன் என்பவன் சேட்டுக் கையை மடித்துப் புயத்தைக் காட்டி, "என்னை ரெண்டு இடத்தில எழுதுங்கோ அக்கா" என்றான். இருபத்திரண்டு பெயரும் நிரம்பின. சபை அந்தக் கோப்பை மற்ற ஊர்களுக்கும் காட்டி மெச்சியது. அவளுக்கும் மனம் நிறைந்த புளுகம்தான், இல்லையென்று சொல்லக்கூடாது.

ஒரு பெயரை மட்டும் அவள் எழுதவில்லை. அது அவள் புருசனுடைய பெயர்.

சிவரூபன் ஒரு காலத்தில் பேர்பெற்ற சுழியோடி. கடலட்டை பிடிக்கச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள், ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல ஆறுதலாக ஏறி வராமல் அவசரப்பட்டு மேலே வந்தான். படகில் ஏற்றும்போதே இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். கூனிமுனை மணலில் சக்கரம் உருளாது என்பதால் நாற்காலியும் வாசலோடு நின்றது. மேல் உடம்பு மட்டும் நாளுக்கு நாள் திரண்டது. தொண்ணூற்றாறு கிலோ, கிளினிக்கில் நிறுத்த நிறை. குளிக்க வார்ப்பது, படுக்கையில் புரட்டுவது, கட்டிலுக்குத் தூக்குவது எல்லாம் புஸ்பராணிதான். உதவிக்கு யாரும் வந்தால் சிவரூபன் வாயைத் திறப்பான், வந்தவர் திரும்பிப் போவார்.

"என்ர பெயரை எழுதினியெண்டால் கொப்பியைக் கிழிச்சு அடுப்பில வைப்பன்" என்று ஆடியிலேயே சொல்லியிருந்தான். அவளுக்கும் ஒரு கூச்சம். பொது வேலைக்கு வந்தவள் தன்ர புருசனைத்தான் முதலில எழுதினவள் என்று ஊர் கதைக்காதா? சந்தி ஓட்டோக்காரன் அகீலிடம் தனியாகச் சொல்லிவைத்தாள். ஒன்று நடந்தால் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவனும் "ஓம் ராத்தா, கட்டாயம்" என்றான். அந்த ஒரு "ஓம்" என்ற சொல்லில்தான் சிவரூபனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. சோளகக் காற்று ஓய்ந்து வாடை திரும்பியது. வாடையில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை. கூனிமுனை ஆண்கள் வலையையும் இயந்திரத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய், கற்பிட்டிப் பக்கம் வாடிக் கொட்டில் அடித்துத் தங்குவார்கள். தைப்பொங்கல் முடிந்துதான் வீடு. தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அவ்வளவு தெரிந்த விசயம் என்பதால்தான் ஆடியில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஒருநாள் காலை புஸ்பராணி கரைக்குப் போனாள். படகுகள் கவிழ்த்துக் கிடந்தன. இரண்டு நாய்கள் தவிர ஒரு மனுசர் இல்லை. நின்றவள் நின்றபடியே, "ஐயோ என்ர பிள்ளையாரே!" என்றாள். வீட்டுக்கு ஓடிவந்து கோப்பை விரித்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்தாள். கற்பிட்டி. கற்பிட்டி. இதுவும் கற்பிட்டி. இருபத்திரண்டில் இருபது பேர் கற்பிட்டியில். ஒருவன் கொழும்பில் மேசன் வேலை. மிஞ்சின ஒருவன் ஊரில்தான் நிற்கிறான், ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவனையே இரண்டு பேர் காவ வேண்டும்.

சிவரூபன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "புயலுக்கு ஒரு கடிதம் போடு ராணி. தயவுசெய்து ஆடியில வரவும் எண்டு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாரங்கனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, இஞ்ச ஒண்டு நடந்தால் எத்தினை மணித்தியாலத்தில வந்து சேருவாய்?"

"பஸ் கிடைச்சால் பத்து மணித்தியாலம் அக்கா" என்றான் அவன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் புயலெண்டால் பஸ் ஓடாதே" என்றும் சொன்னான்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எழும்பி நின்று, பட்டியல் பிழை, எழுதினதும் நான்தான் என்று சொன்னாள். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தானாகவே பிழையை ஒப்புக்கொள்கிற ஒரு கதையை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. "நேவி வரும்தானே அம்மா, இருங்கோ" என்றார் தவிசாளர். மதகு மூடின பிறகு படகு வர எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று இவள் கேட்டாள். அதற்குள் அவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். புஸ்பராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாழ்வாரத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றஊப் அவளை மறித்தார். கிண்ணியாக்காரர், அதிகம் கதைக்காதவர். கோப்பை வாங்கிப் புரட்டினார். "தங்கச்சி, இதில எந்த இடத்திலயும் ஆம்பிளைதான் தூக்கணும் எண்டு போட்டில்ல. உங்கட குழு கூடித் தீர்மானம் எடுத்தாப் பட்டியல மாத்தலாம். ஊரில நிக்கிற ஆளுகள்ற பெயரத் தாங்க. நான் சபைப் பிரதியில சேர்க்கிறன்."

ஊரில் நிற்கிற ஆட்கள் யார்? பெண்கள்தான். வீடு வீடாகப் போனாள். போன இடமெல்லாம் ஒரே பாட்டு. பக்கத்து வீட்டுச் சுதர்ஷினி, அந்தச் சாரங்கனின் பெண்சாதி, வாய்க்காரி, அதை வாய்விட்டே சொன்னாள்: "விசரே அக்கா? மற்றவளிட புருசனை நான் தொட்டுத் தூக்கிறதோ? அதுவும் தடி கட்டி, தோளில வைச்சு! தடி கட்டிக் காவுறது ஆரையெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். அதுதான் சிக்கல். ஆளைத் தடியில் கிடத்தித் தோளில் காவினால் அது பாடை. பாடையை ஆண்கள்தான் காவுவார்கள், பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். பட்டியலில் முதல் பெயர் கதிரவேலருடையது, சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்தவர். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் செத்தாப்பிறகும் பொம்பிளையள் என்னைக் காவக்கூடாது. உயிரோட இருக்கேக்க காவுறதோ? எழும்பிப் போ பிள்ளை!"

புஸ்பராணி போகவில்லை. அவர் முற்றத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாடையெண்டால் ஆம்பிளையள் காவட்டும் அப்பா, நான் குறுக்க வரேல்லை. பாடை வராமல் இருக்கத்தான் நாங்கள் காவப்போறம். உங்களுக்கு எது வேணும், சொல்லுங்கோ."

கதிரவேலர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் இந்தக் கதை காதில் விழுந்த சுதர்ஷினி அன்று பின்னேரம் படலைக்கு வந்து, "என்ர பெயரையும் எழுதுங்கோ, ஆனால் ஒத்திகையில ஆரும் சிரிச்சால் நான் விட்டுட்டுப் போவன்" என்றாள். ஒருத்தி வந்தால் ஊர் வரும். கிழமை முடிய இருபத்திரண்டு பெண்கள்.

சபையில் இருந்த தூக்குப்படுக்கைகள் இரண்டும் கறள் பிடித்துக் கிடந்தன. எனவே பழைய வலைத் துண்டை மடித்து, இரண்டு காவுதடிகளுக்கு நடுவில் பிள்ளைத் தொட்டில் ஏணை போலக் கட்டினார்கள். முதல் ஒத்திகையில் கதிரவேலர் வலைக்குள் கிடந்து, "என்னை என்ன திருக்கை மீனெண்டு நினைச்சியளோ?" என்று கத்த, முன்னால் போனவள் சிரிக்க, பின்னால் போனவள் தடுமாற, முடிச்சு வழுகி, மனுசன் பொத்தென்று மணலில். நல்ல காலம், மணல். ஊரே பார்த்து நின்றது.

வேலிக்கு மேலால் ஒரு குரல் வந்தது. "அந்த முடிச்சு பாரம் ஏறினால் வழுகும். கண்ணில்லையோ உங்களுக்கு? இஞ்ச கொண்டாங்கோ."

சிவரூபன்தான். ஒன்பது வருடத்தில் அவன் ஊருக்குச் சொன்ன முதல் உபயோகமான வார்த்தை. அன்றிலிருந்து நாற்காலியில் இருந்தபடி ஏணை கட்டினான். வலையை இரட்டையாக மடித்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, தடி நுழைகிற இடத்தில் சாக்குச் சுற்றி. யார் நெட்டை, யார் கட்டை என்று கேட்டு அதற்கேற்ற அளவு. பதினொரு ஏணை. பதினொன்று முடிந்த பிறகும் அவன் கை ஓயவில்லை, நூல் கேட்டான். "என்னத்துக்கு?" என்றாள். "உபரிக்கு. ஒண்டு அறுந்தால்?" என்றான்.

அந்த இடத்தில் அவள் கேட்டே விட்டாள். "உங்களையும் எழுதட்டே?"

அவன் முகம் இறுகியது. "எனக்குத்தான் அகீலின்ர ஓட்டோ இருக்கே. ஊர்ப் பொம்பிளையள் என்னைக் காவிறதைப் பாக்க எனக்கு ஏலாது. கதையை விடு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனுசனைத் தூக்கி எறியவும் ஏலாது, தூக்கிக் காவவும் ஏலாது. எழும்பிக் குசினிக்குப் போய்ச் சட்டி பானையை அடித்தாள். பிறகு திருத்திய பட்டியலைச் சபைக்கென்று நல்ல எழுத்தில் இன்னொரு பிரதி எழுதி மேசையில் வைத்தாள். அடுத்த நாள் டவுனுக்குப் போன சுதர்ஷினி அதை எடுத்துக்கொண்டுபோய் றஊப்பிடம் கொடுத்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. முதல் நாள், இரண்டாம் நாள். புஸ்பராணி குடையோடு மணிக்கொரு தரம் மதகுக்குப் போய் அங்கே தான் கீறிவைத்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு றஊப்பின் போன்: புயல் திரும்பி இந்தப் பக்கம் வருகிறது, இரண்டு மணிக்கு முன் ஊர் வெறிச்சோட வேண்டும். சபை ட்ரக்டர் ஒலிபெருக்கியோடு மதகுவரை வந்தது, அதற்கு இங்கால் வரப் பயந்து அங்கேயே நின்று கத்தியது. பரவாயில்லை, கத்தினது போதும்.

நடக்கக்கூடிய சனம் பிள்ளைகளோடும் பைகளோடும் புறப்பட்டது. பெண்கள் தடியும் ஏணையுமாக வந்தார்கள். சேலையை வரிந்து கட்டினவள், புருசனின் காற்சட்டையைப் போட்டவள், எல்லாரும். புஸ்பராணி மதகின் ஊர்ப்பக்கத்தில் முழங்கால் தண்ணீரில், பட்டியலைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் கதிரவேலர். கண்ணை இறுக்க மூடியிருந்தார், ஆனால் தடியைப் பிடித்திருந்தார். இரண்டு. மூன்று. தண்ணீர் தொடைக்கு ஏறியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு போட்டாள். கை கோடு போட்டது, கண் சந்திப் பக்கம் ஓட்டோவைத் தேடியது.

பதினொன்றரைக்கு அகீல் அக்கரையில் தெரிந்தான். ஓட்டோவைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தான். இருமியது, நின்றுவிட்டது. இறங்கித் தலையில் கை வைத்தான். "ராத்தா, ஏலாது! எஞ்சினுக்குத் தண்ணி போயிட்டு!"

புஸ்பராணி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஊரில் ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு பேர் தேடினவள். வீட்டில் இருக்கிற உயிருக்கு ஒரு ஓட்டோவை நம்பினாள். இப்போது அவளிடம் ஆள் இல்லை, தடி இல்லை, நேரமும் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க மட்டும்தான் அவளால் முடியும். மதகுவரை தொண்ணூற்றாறு கிலோவை எப்படி? பெண்களைக் கூப்பிடலாம். வருவார்கள். அவன் விடமாட்டானே! அந்த வாயைத் திறப்பானே!

பதினொன்றாவது ஆள் கடந்தபோது போன் அடித்தது. றஊப்.

"பதினொண்டும் வந்திட்டுது" என்றாள்.

"பதினொண்டா? இஞ்ச பன்னிரண்டெல்லோ போட்டிருக்கு தங்கச்சி."

"இல்லை ஐயா. நான் எழுதினது பதினொண்டு."

"கடைசியில வேற கையெழுத்தில இருக்கு. வாசிக்கிறன் பாருங்க. பன்னிரண்டு, சிவரூபன், தொண்ணூற்றாறு கிலோ, நாலு பேர் வேணும். முதல் பெயர் புஸ்பராணி. ரெண்டாவது சுதர்ஷினி. மற்ற ரெண்டும்..."

மற்ற இரண்டையும் அவள் கேட்கவில்லை. மழையில் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தங்கள் ஆட்களை அக்கரையில் விட்டுவிட்டு, இவள் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே திரும்பி வந்து, முற்றத்தில் சுதர்ஷினியும் வேறு இரண்டு பெண்களும் ஏற்கனவே நின்றார்கள். இரண்டு தடிகளும் நிலத்தில் கிடந்தன. நடுவில் புது ஏணை, மற்றவை எல்லாவற்றையும் விட அகலம், வலை மூன்று மடிப்பு. உபரி என்று சொன்னானே, அதுதான். சிவரூபன் அதற்குள் படுத்திருந்தான். கட்டிலிலிருந்து கை ஊன்றி அவனே இறங்கி, தவழ்ந்து வந்து ஏறியிருக்கிறான். முழங்கையெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? முன்னுக்கு இடப்பக்கம் உங்கட இடம்" என்றாள் சுதர்ஷினி. "பட்டியலில தன்ர பெயரைத் தானே எழுதிக் குடுக்கேக்க அண்ணை சொன்னவர், வாயைத் திறந்தால் என்ர தலையில ஏணை விழும் எண்டு. நான் ஒரு மாதம் வாய் திறக்கேல்லை. ஒரு மாதம்!"

நாலு பேரும் குனிந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தடி தோளில் ஏறியது. புஸ்பராணியின் தோளில் அந்தப் பாரம் கால்பங்காக இறங்கியது. ஒன்பது வருடமாக முழுதாகத் தூக்கிப் பழகின முதுகு, நம்பமாட்டாமல் ஒரு கணம் தயங்கியது.

படலை தாண்டித் தெருவுக்கு வந்தார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மதகு தெரிகிற இடத்தில்தான் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது, அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று மெதுவாக. அந்த மழையில் நாலு பேருக்கும் கேட்டது.

"ஒன்பது வருசமாத் தனியக் காவினனி ராணி. கொஞ்சம் மற்றவையும் காவட்டும்."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தடி சரியும். இரண்டு கையும் தடியில் என்பதால் முகத்தைத் துடைக்கவும் ஏலாது.

"அக்கா அழுறா" என்றாள் சுதர்ஷினி, ஒரு மாதத்து வாயை ஒன்றாகத் திறந்து.

"மதகு வருது, காலைப் பாத்து வை" என்றாள் புஸ்பராணி.